தாங்கும் என்று சொன்னவள்

“சரிம்மா, நான் ஜெபிக்கேன்” என்று சொல்லிப் போனை மேஜைமேல் குப்புற வைத்த பிறகுதான், தான் எதற்குச் சரி சொன்னோம் என்பது ரஞ்சிதம் டீச்சருக்கு உறைத்தது. அதற்குள் கஞ்சி ஆசீரின் வலது வாயோரத்தில் வழிந்து, கழுத்து மடிப்பில் இறங்கி, சற்றுமுன் மாற்றிவிட்ட பனியனை நனைத்திருந்தது. துண்டால் ஒற்றினாள். மறுபடி ஒரு கரண்டி. அவர் வாயைத் திறக்கவேண்டுமென்றால் இவளும் வாயைத் திறந்து காட்ட வேண்டும், கைக்குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி. விழுங்குங்க. தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது, இல்லையென்றால் புரையேறும், புரையேறினால் சளி, சளி நெஞ்சில் இறங்கினால் திரும்பவும் ஆஸ்பத்திரி, அந்தப் பச்சைத் திரை, அந்த டெட்டால் வாசம், ராத்திரியெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. போனில் கேட்ட புது பஸ் ஸ்டாண்டு இரைச்சல் இன்னும் காதுக்குள் கிடந்தது. மதுரை மதுரை என்று யாரோ கூவிக்கொண்டிருந்ததற்கு நடுவில் கெத்சியாளின் குரல், அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, பரீட்சையில் பாஸாகிவிட்ட பிள்ளை டீச்சரிடம் வந்து சொல்கிற சந்தோஷம். “டீச்சர், நான் திருப்பூருக்கே போறேன். அவங்க கூப்பிட்டாங்க. அண்ணன் வேண்டாம்னான், நான்தான் பிடிவாதமாக் கெளம்பிட்டேன். அன்னைக்கு நீங்க சொன்னீங்கல்லா, அன்பு சகலத்தையும் தாங்கும்னு, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். எனக்குன்னே பேசின மாதிரி இருந்துச்சு. பஸ்ல ஏறி உக்காந்துட்டேன். ஜெபம் பண்ணிக்கோங்க டீச்சர்.” அவங்க என்றால் புருஷன். கதவிடுக்கில் கெத்சியாளின் கையை வைத்துக் கதவைச் சாத்தினவன். அந்த அவங்கதான் கூப்பிட்டிருக்கிறான். அதற்குத்தான் சரிம்மா.

என்ன செய்ய, வாயிலிருந்து அது தானாக வருகிறது. மற்றவர்களுக்கு ஹலோ மாதிரி இவளுக்கு ஜெபிக்கிறேன். பிள்ளைக்கு வரன் அமையவில்லை, ஜெபிக்கிறேன். மூட்டுவலி, ஜெபிக்கிறேன். சொல்லிப் போனை வைத்ததும் அடுத்த போன் வரும், முதல் ஆளின் பெயர்கூட மறந்துபோகும். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, போதகரம்மா வந்து, டீச்சர் உங்களுக்குத்தான் நல்ல குரல், காலையில ஒரு வசனத்தை எடுத்து மூணு நிமிஷம் பேசி வாட்ஸப்புல அனுப்புங்க, சபை ஜனங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும் என்று கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. முதலில் ஒரு சபை. அப்புறம் பக்கத்துச் சேகரத்துச் சபைகள் எல்லாம். அப்புறம் யார் யாரோ யார் யாருக்கோ அனுப்பி, துபாயிலிருந்தெல்லாம் டீச்சர் உங்க குரல் கேக்காம எங்களுக்கு விடியாது என்றார்கள். ஒரு வசனம், வீட்டில் தெருவில் பார்க்கிற சின்ன உதாரணம் ஒன்று, கடைசியில் ஜெபம். குக்கர் விசிலுக்கு ஒரு வசனம் இருந்தது. கேபிள் கட்டானதற்கு ஒன்று இருந்தது. முருங்கைக்கீரை ஆய்வதில்கூட ஒன்று அகப்பட்டது. எதைப் பார்த்தாலும் இதில் ஒரு செய்தி இருக்குமோ என்று தேடுகிற கண் வந்துவிட்டது, அந்தக் கண்ணுக்குக் கீரை கீரையாகத் தெரியாது. ஆசீர் அப்போது நன்றாக இருந்தார். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்த மனுஷன், எதையும் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்டதே கிடையாது. சபைக் கமிட்டியில் அவர் எழுந்தாலே அதெப்படி என்றுதான் ஆரம்பிப்பார். இவள் பேசி அனுப்பியதைக் கேட்டுவிட்டு, “அதெப்படி ரஞ்சிதம், குக்கர் வெடிச்சா உன் வசனம் என்னாகும்?” என்று சிரித்தவர். பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்து, பேச்சும் போன பிறகு திரும்பி வந்தது ஒரே ஒரு வார்த்தை. சரி. பசிக்குதா, சரி. வலிக்குதா, சரி. ஆயுசு முழுக்க அந்த ஒரு வார்த்தையைத்தான் மிச்சம் பிடித்து வைத்திருந்தார் போல, இப்போது அது மட்டும்தான் கையிருப்பு.

விழுங்குங்க. அவர் விழுங்கவில்லை, கன்னத்துக்குள் கஞ்சியை ஒதுக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மாடி, அன்றைக்குக் கான்கிரீட் போட்ட மாடி. ஐயோ அந்த மாடி. அங்கேதானே ஆரம்பித்தது. ஜல்லிக் கலவைச் சட்டியைச் சுமந்துகொண்டு சித்தாள்கள் வரிசையாகப் பலகையில் ஏறியதை, ஆசீருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டே இதே ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவரைப் புரட்ட முடியாமல் இடுப்பு பிடித்துக்கொண்டு, விரிப்பின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி நின்றபோது, ஒருத்தி தலையில் இருந்த துணிச் சும்மாட்டைக் கழற்றி உதறித் திரும்பச் சுருட்டி வைத்துக்கொண்டாள். உடனே அந்தக் கண் விழித்துக்கொண்டது. பாரம் தலையை அழுத்தாமல் காக்கிற சும்மாடு. அன்புதான் அந்தச் சும்மாடு, பிரியமானவர்களே, பாரம் குறையாது, ஆனால் அன்பு இருந்தால் பாரம் உறுத்தாது, சகலத்தையும் தாங்கும் என்று வேதம் சொல்கிறது, இறக்கி வைக்க வேண்டும் என்று நினைக்கிற பாரத்தை இன்று இன்னும் ஒரு நாள் தாங்கிப் பாருங்கள். சொல்லும்போதே அவளுக்குத் தொண்டை அடைத்தது. அந்த அடைப்பையும் வெட்டாமல் அப்படியே அனுப்பினாள். அதற்கு முன்னும் பின்னும் அத்தனை பேர் எதற்கும் அழுததில்லை, டீச்சர் அழுதுட்டோம் டீச்சர் என்று அத்தனை பேர். ஆனால் அது யாருக்குச் சொன்னது? யார் பாரம் அது? இந்த மனுஷனைத் தூக்கித் தூக்கி ஒடிந்த தன் இடுப்புக்கு அல்லவா அவள் அன்றைக்குப் பிரசங்கம் பண்ணினாள். முந்தின ராத்திரி இவர் செத்துப்போனால் என்ன என்று ஒரு நினைப்பு வந்ததே, வந்து, பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டு அசையாமல் இவளையே பார்த்ததே, அதை விரட்டத்தானே அவ்வளவு உருக்கம். தனக்கு வேண்டிய மருந்தை ஊருக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தாயிற்று. ஆசீர் ஒருநாளும் இவளை அடித்ததில்லை, கை ஓங்கினதுகூட இல்லை, அவரைத் தாங்குவது என்றால் இடுப்பு வலி, அவ்வளவுதான். கெத்சியாளுக்குத் தாங்குவது என்றால் வேறு. அந்த வித்தியாசத்தை மூன்று நிமிஷத்தில் எங்கே சொன்னாள்? சொல்லவில்லை. தோன்றவே இல்லை.

கெத்சியாளை ஒரே ஒரு தரம்தான் நேரில் பார்த்திருக்கிறாள். பெண்கள் கூடுகை முடிந்து கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது, டீச்சர் நான் தினமும் உங்க செய்தி கேப்பேன் என்று ஒல்லியாக ஒருத்தி வந்து கையைப் பிடித்தாள். இடது கையால் பிடித்தாள். வலது கையில் மாவுக்கட்டு. குளிக்கிற இடத்துல வழுக்கிட்டு டீச்சர், என்று சிரித்தாள். கூட நின்ற அவள் அண்ணன் மனைவி தரையைப் பார்த்தாள். ரஞ்சிதம் டீச்சருக்கு அப்போதே தெரியும். முப்பது வருஷம் பிள்ளைகளின் பொய்யைப் பார்த்தவளுக்குத் தெரியாதா. தெரிந்தும், கர்த்தர் சுகம் தருவாரம்மா என்று சொல்லித் தலையில் கை வைத்துவிட்டு ஆட்டோ ஏறினாள், ஏனென்றால் ஆசீரைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் போகிற நேரமாகிவிட்டது. கதவிடுக்கு விஷயம் அப்புறம் போனில்தான் வந்தது, அதுவும் ஏதோ பால் பொங்கிவிட்டது என்பதுபோல. “அவங்களுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது டீச்சர். மத்தபடி நல்லவங்க.” விழுங்குங்களேன். கன்னத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். கஞ்சி உள்ளே போனது. இப்போது பஸ் கிளம்பியிருக்கும். வண்ணார்பேட்டை தாண்டி, பாலம் தாண்டி, தச்சநல்லூர் போயிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். மாவுக்கட்டு எடுத்த கை வெளிறிப்போய் மெலிந்து மடியில் கிடக்கும். காதில் போன் வயரை மாட்டிக்கொண்டு மறுபடியும் அந்தச் சும்மாட்டுச் செய்தியையே கேட்டுக்கொண்டிருப்பாளோ? தன் குரல், தன் அடைத்த தொண்டை, அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கதவுக்கு முன்னால் நிறுத்துகிறது.

போகாதே என்று சொல்லலாம். சொல்லிவிடலாம், சொல்லி, அப்புறம்? டீச்சர் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டாள் என்பார்கள். தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கக் கூடாதென்று போதகர் ஐயா கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிற வசனத்தை இவளிடமே வாசிப்பார். அவன் திருந்தியிருந்தால்? ஆள் மாறிவிட்டான், கோயிலுக்குப் போகிறான் என்று கெத்சியாள் முன்பு ஒருநாள் சொல்லவில்லையா? திருந்தினவனை நம்பாமல் போவதும் பாவம்தானே? இப்படிச் சுற்றிச் சுற்றி நினைப்பு ஒரே இடத்துக்கு வந்து முட்டியது, செக்குமாடு சுற்றினாலாவது எண்ணெய் வரும். இன்னொரு பயம் அதற்கும் கீழே கிடந்தது. அதை எடுத்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. இந்த ஒன்றைத் தப்பு என்று உருவினால் மற்றதெல்லாம் என்னாகும்? பின்னலாடையில் ஒரு நூலைப் பிடித்து இழுத்த மாதிரி, அத்தனை காலைச் செய்தியும் வரிசையாகப் பிரிந்து வந்துவிட்டால்? பொறுமை என்றாளே, அடங்கியிருங்கள் என்றாளே, மன்னியுங்கள் என்றாளே, அதையெல்லாம் யார் யார் எந்தெந்த அடுப்படியில் நின்று, எந்த வீக்கத்தைத் தடவிக்கொண்டு கேட்டார்களோ. அவள் பார்த்ததெல்லாம் போனில் பதிலாக வந்த கும்பிடுகிற கைப் படங்கள். கும்பிடுகிற கையில் எது முறிந்த கை என்று எப்படித் தெரியும்?

“என்னங்க,” என்றாள். ஆசீர் திரும்பிப் பார்த்தார். கண் மட்டும் பழைய கண்தான், கமிட்டியில் எழுந்து நிற்கிற கண். “அந்தக் கெத்சியாள் பிள்ளை புருஷன்கிட்டத் திரும்பப் போகுது. நான் சொன்னதைக் கேட்டுப் போகுது. போகட்டும்னு விட்டுரட்டுமா?”

“சரி” என்றார்.

“போகாதன்னு சொல்லட்டுமா?”

“சரி.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. ஒரு தரம், ஒரே ஒரு தரம் அதெப்படி என்று கேட்டுவிடேன் மனுஷா. இவள் தடுக்கி விழப்போகிற இடத்திலெல்லாம் அந்த ஒரு வார்த்தை முன்னால் வந்து நின்றிருக்கிறது. அப்போது எரிச்சல்தான் வந்தது, அப்பா இவர் வாயை அடைக்க ஒருவருமில்லையா என்று. வாயை அடைத்தாயிற்று. இனி அதைக் கேட்க வேண்டியவள் இவள்தான். அதெப்படி? அடிக்கிறவனிடம் அடி வாங்கப் போவதற்குப் பெயர் அன்பா? அதெப்படி? அந்த வசனத்தைப் பவுலடியார் கொரிந்துவிலிருந்த ஒரு சபைக்கு எழுதினார், ஒருத்தரோடொருத்தர் சண்டை போட்டுப் பிரியாமல் இருங்கள் என்று. அவர் எந்தக் கெத்சியாளையாவது பஸ் ஏறச் சொன்னாரா? ஏறச் சொன்னது யார்? கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். கை துடைக்காமலே போனை எடுத்தாள். நீங்கள் அழைக்கும் நபர் வேறொரு அழைப்பில் இருக்கிறார். மறுபடி. வேறொரு அழைப்பில். அவன்தான் பேசிக்கொண்டிருப்பான், எங்க வாற, எந்த சீட்டு, பக்கத்துல யாரு என்று. மறுபடி. மறுபடி. கஞ்சி பட்ட விரல் திரையில் வழுக்கியது. அண்ணன் நம்பர் இவளிடம் இல்லை. குறுஞ்செய்தி எழுதக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. ராத்திரி இரண்டு தரம் விரிப்பு மாற்றி, காலையில் எழும்ப முடியாமல் கிடந்ததால், இன்றைக்கு வசனம் இன்னும் போகவில்லை. டீச்சர் இன்னைக்குச் செய்தி வரல்லியே என்று குழுவில் நாலைந்து பேர் கேட்டிருப்பார்கள். கெத்சியாள் எந்த வேலையில் இருந்தாலும் அது வந்ததும் கேட்டுவிடுவாள், அதை அவளே சொல்லியிருக்கிறாள்.

குரல் பதிவு செய்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். வழக்கமாக வாயில் வருகிற கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே வரவில்லை.

“ஸ்தோத்திரம். ரஞ்சிதம் பேசுதேன். இன்னைக்கு வசனம் எடுக்கல. முன்ன ஒருநாள் சும்மாடுன்னு ஒண்ணு சொன்னேன். அன்பு சகலத்தையும் தாங்கும்னு. வசனத்துல குத்தமில்ல. நான் சொன்னது தப்பு.” மூச்சு வாங்கியது. எப்போதும் எழுதி வைத்துப் பேசுவாள், இன்றைக்கு முன்னால் கஞ்சிக் கிண்ணம்தான் இருந்தது. “அன்னைக்கு நான் எனக்குப் பேசிக்கிட்டேன். எங்க வீட்டுல சார் படுத்துக் கெடக்காங்க, எனக்கு அலுப்பா இருந்துச்சு, அதுக்காகப் பேசினேன். அதை உங்களுக்குச் சொல்லுத மாதிரி சொல்லிட்டேன். உங்கள்ல யாரையாவது வீட்டுல அடிச்சா, அதைத் தாங்குன்னு கர்த்தர் சொல்லல. நானும் சொல்லல. சொன்ன மாதிரி ஆயிட்டுன்னா அதை நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். என் பேச்சைக் கேட்டு யாராவது பிள்ளை பையத் தூக்கிட்டு அந்த வீட்டுக்குக் கெளம்பியிருந்தா, போகாதம்மா. எந்த எடத்துல இருக்கியோ அந்த எடத்துல எறங்கு. எறங்கி எனக்கு ஒரு போன் பண்ணு.” இனி ஜெபம் வர வேண்டும். வரவில்லை. பக்கத்திலிருந்து ஆசீர், “சரி” என்றார். அதுவும் பதிவாகியது. அப்படியே அனுப்பிவிட்டாள்.

அனுப்பின உடனே, கேட்டு முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை, ஆமென் என்று ஒன்று வந்தது. ஆமென் ஆமென். கும்பிடுகிற கைகள். பூங்கொத்து. அருமையான செய்தி டீச்சர். என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமலே போடுகிற ஆமென்கள், இத்தனை நாளும் வந்தவையும் இப்படித்தானோ என்று ஒரு நினைப்பு வந்து, அதற்கு வருத்தப்படக்கூட அலுப்பாக இருந்தது. அப்புறம் ஒரு இடைவெளி. ஒன்றுமே வரவில்லை. அவள் கிண்ணத்தைக் கழுவினாள். பனியனை மாற்றினாள், அவர் வலது கையைத் தூக்கிப் பனியனுக்குள் நுழைத்தாள், அது ஈரத்துணி மாதிரி கனமாக வந்தது. மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்தாள். போன் துள்ளியது. போதகரம்மா எழுதியிருந்தாள், ஐயா உங்களை உடனே பேசச் சொன்னாங்க, அதை எடுத்துருங்க டீச்சர், எல்லாரும் ஒருமாதிரி கேக்காங்க. ஒருவர் குழுவை விட்டு விலகினார். இன்னொருவர் விலகினார். யாரென்று தெரியாத ஒரு நம்பரிலிருந்து, குழுவில் இல்லாமல் தனியாக, நன்றி டீச்சர் என்று மட்டும் ஒன்று வந்தது. பெயர் இல்லை. பேசி அனுப்பினதை எடுத்துவிடலாம், விரலை அழுத்திப் பிடித்தால் போதும், எல்லாருக்கும் அழிந்துபோகும், நாளைக்குக் காலையில் கீரையைப் பற்றிப் பேசலாம். விரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். கெத்சியாள் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டும் போகிறாள் போலிருக்கிறது. இடுப்பு வலி கால் வரைக்கும் இறங்கியது. கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுவோம் என்று தோன்றியது, உட்கார்ந்த வாக்கிலேயே, ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல்.

மணி அடித்தபோது உண்மையிலேயே தூங்கித்தான் போயிருந்தாள். எடுத்ததும் லாரி ஒன்று கடந்துபோகிற சத்தம்.

“டீச்சர், நான் கயத்தாறுல நிக்கேன்.”

“எறங்கிட்டியா?”

“எறங்கிட்டேன். கண்டக்டர் ஏசுனாரு, டிக்கெட் மதுரைக்கு எடுத்துட்டு இங்க எறங்குதியேன்னு.” குரலில் காலையில் இருந்த சந்தோஷம் இல்லை, கோபம் இருந்தது. “நீங்கதான டீச்சர் சொன்னீங்க. இப்ப நீங்களே இப்படிச் சொன்னா நான் எதைத்தான் கேக்க? அவங்க போன் விடாம அடிச்சுக்கிட்டே இருக்கு. எறங்கினது பாவமா, ஏறினது பாவமா?”

ஏதாவது சொல்ல வேண்டும். ஒரு வசனம் நாக்கு நுனிக்கு வந்தது, வழக்கப்படி வந்தது, நல்ல வசனம்தான். அவள் அதை விழுங்கினாள். “எனக்குத் தெரியலம்மா” என்றாள். “என்மேல கோவப்படு, அது நியாயந்தான். ஆனா வீட்டுக்கு வா. கஞ்சி இருக்கு. சாப்பிட்டுட்டு உங்க அண்ணனைக் கூப்பிடுவோம். அதுக்கப்புறம் என்ன செய்யணுமோ அதைச் சேந்து யோசிப்போம்.”

அந்தப் பக்கம் அழுகை. அடக்கிப் பழகின அழுகை, மூக்கை உறிஞ்சுகிற சத்தமாக மட்டுமே வெளியே வந்தது. ரஞ்சிதம் டீச்சர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“எந்தப் பக்கம் நிக்க?” என்று கேட்டாள்.

“எறக்கிவிட்ட பக்கந்தான்.”

“அது மதுரை போற பக்கம்மா. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நில்லு. திருநெல்வேலி பஸ் வரும், கை காட்டு. பாத்துத் தாண்டு, வண்டி வேகமா வரும். போனை வைக்காத, நான் இருக்கேன்.”

காற்று இரைந்தது. ஒரு கார் ஹாரன் நீளமாக வந்து போனது. பை உரசுகிற சத்தம், செருப்பு தார்ரோட்டில் வேகமாக அடிக்கிற சத்தம், அப்புறம் செருப்பு மண்ணில் அழுந்துகிற சத்தம்.

“தாண்டிட்டேன் டீச்சர்.”